கட்டுக்கம்பி

நவம்பர் 5, புதன்
மழை விட்டது. பக்கத்துக் காலிமனையில் இடுப்பளவு புல். நகராட்சிக்கு மூன்று மனு, பதில் இல்லை. பாம்பு வந்தால் என் வீட்டுக்குத்தான் வரும். புல் வெட்டும் மெஷின் வாங்கிவிட்டேன்.
கடையில் ஒரு பெண் பாடம் நடத்தினாள். கண்ணாடி போடணும். வாரைத் தோளில் மாட்டணும். வலமிருந்து இடமாக வீசணும். ஐம்பது அடிக்குள் ஆள் கூடாது. புல் சிக்கினால் அணைத்துவிட்டுத்தான் கை வைக்கணும்.
"புல்லை வெட்டுற நைலான் நரம்பு அறுந்துக்கினே இருக்குதேன்னு கம்பி மட்டும் கட்டிராதீங்க சார். துண்டு பறந்தா தோட்டாதான்."
"நாப்பது வருஷமா மோட்டாருக்குக் காயில் கட்டுறவன்மா நான். யாருகிட்டயும் போய்க் கத்துக்கல."
சிரித்தாள். பிடிக்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்
நரம்பு மூன்று தடவை அறுந்தது. கோரை முற்றிக் கிடக்கிறது. வீட்டில் புதுக் கட்டுக்கம்பி இருந்தது, கட்டினேன். தடுப்புத் தகடு இடித்தது, கழற்றினேன். அரை மணியில் பாதி மனை மொட்டை. யாரையும் கேட்காமல் செய்தால்தான் எனக்குச் சரியாக வருகிறது.
வாங்க: பெட்ரோல், ஆயில், முட்டிக்குத் தைலம்.

நவம்பர் 7, வெள்ளி
காலை ஏழு. எதிர்வீட்டு நெசவாளி ஏகாம்பரம் தறிக்கான பட்டு இழைகளைப் பாவாகத் தெரு நீளத்துக்கு நீட்டியிருந்தான். என் பக்க முனைக் கழி அவன் கையில்.
"பத்து நிமிஷம் இருங்க மாமா. பாவைச் சுத்திக்கினு போயிட்றோம்."
தெரு பொதுதானே. எப்போதும் அவர்கள் சௌகரியம்தானா? மெஷினைக் கிளப்பினேன்.
கல்லில் பட்ட சத்தம். அவன் அலறினான். வலது கெண்டைக்கால். முட்டி போட்டுவிட்டான், கழியை விடவில்லை. விட்டால் அத்தனை இழையும் சிக்கு. அவன் தம்பி ஓடிவந்து வாங்கும்வரை பிடித்தபடியே இருந்தான். வேட்டியெல்லாம் ரத்தம்.
ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். இரண்டங்குலக் கம்பி.
"புல்லுல எவனோ போட்ட கம்பி. மாமா இன்னா பண்ணுவாரு, பாவம்" என்றாள் அவன் மனைவி கமலா.


நவம்பர் 8, சனி
மெஷின் பரண் மேல். மீதிக் கம்பிச் சுருள் பழைய துணியில் சுற்றி, அதற்கும் பின்னால்.
ஏழு தையல். காலை ஊன்றித் தறி மிதிக்க ஒரு மாதம் ஆகுமாம். எதிர்வீட்டில் தறிச் சத்தமே இல்லை.
டீக்கடையில்: "இந்த வயசுல பெரியவரு தெருவச் சுத்தம் பண்றாரு பாருப்பா." டீயை வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு
பார்க்கப் போனேன், ஆறு வாழைப்பழத்தோடு. கமலா அந்தக் கம்பித் துண்டை டப்பாவில் வைத்திருக்கிறாள்.
"பளபளன்னு இருக்குது பாருங்க மாமா. மழையில கெடந்திருந்தா துரு ஏறியிருக்காது?"
சந்தேகம் இல்லை, சும்மாதான் கேட்டாள்.
"தெரியலம்மா" என்றேன். கம்பியைப் பற்றித் தெரியாது என்று வாழ்க்கையில் முதல் தடவை சொன்னேன்.

நவம்பர் 10, திங்கள்
தூறல். சுருளை எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலில் அவன் பக்கத்தில் வைத்தேன்.
"நான்தாம்பா கட்டினேன், நரம்புக்குப் பதிலா. கட்டாதீங்கன்னு கடையில சொன்னாங்க."
கமலா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.
ஏகாம்பரம் டப்பாவைத் திறந்து, துண்டைச் சுருளோடு சேர்த்து வைத்துப் பார்த்தான்.
"கம்பி கெடக்கட்டும் மாமா. பத்து நிமிஷம்தானே கேட்டேன்?"