அலமாரி கூட்டும் நாள்

நவம்பர் 9, சனி

போர்த்துகீசிய வகுப்புக்கு இன்று ஆறு பேர். என் கணவர் விர்ஜீலியோ உயிரோடு இருந்தபோது பெஞ்சு போதாமல் சமையலறை நாற்காலிகளைக் கொண்டுவந்து போடுவார். இன்று பாதி அறை காலி. நம் மதேராத் தீவின் திருநாள்களைப் பற்றி நான்கு வரி எழுதச் சொன்னேன். ஒரு பிள்ளைக்கும் கையெழுத்து சரியில்லை. கன்னியர் மடத்துப் பள்ளியில் இப்படி எழுதியிருந்தால் மதர் சுப்பீரியர் முழங்காலில் நிற்க வைத்திருப்பார்.

சாவியைக் கொடுக்க எங்கள் மதேராக்காரர் சங்கத்துச் சமையலறைக்குப் போனேன். தலைவர் அகொஸ்தின்யோவும் என் தோழி சுல்மீராவும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. சுல்மீரா உடனே வெயிலைப் பற்றி ஆரம்பித்தாள். ஐம்பது வருடமாக இந்தத் தென்கோடி நாட்டில், ஃப்ரீமேண்டிலில் இருக்கிறவள். இங்கே நவம்பரில் கோடை வெயில் அடிக்கும் என்று இன்றுதான் தெரிந்ததாக்கும்.

நவம்பர் 10, ஞாயிறு

பூசை முடிந்து சுல்மீரா எனக்காக நிற்கவில்லை. காலில் வலியாம். வலிக்கிற காலோடு என்ன வேகம்!

நவம்பர் 16, சனி

புதிதாக ஒருத்தி. ஜுசாரா என்று பெயர், பிரேசில்காரி, பல் மருத்துவரிடம் வேலை. கையில்லாத சட்டை, தோளில் கிதார். வகுப்பைச் சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தாளாம், எனக்கு ஆட்சேபணை இல்லையென்றால். இருந்தால் என்று கேட்டேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முழு நேரமும் கவனித்தாள். போகும்போது, "பாட்டெல்லாம் சொல்லித் தர மாட்டீங்களா டோனா?" என்றாள். டோனா, அம்மா என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறாள். என் கறுப்புச் சட்டையின் கையை நீவிக் காட்டினேன். அப்போதும் புரியவில்லை. கணவன் போய் நான்கு வருடமாகக் கறுப்பில் இருக்கிறேன். கறுப்பில் இருப்பவள் பாட மாட்டாள். இதையெல்லாமா வாய்விட்டுச் சொல்ல வேண்டும்? பிரேசிலில் சாவே கிடையாதா?

யார் அனுப்பி வந்தாள்?

நவம்பர் 23, சனி

வகுப்பு முடிந்தும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகவில்லை. முற்றத்தில் அவளைச் சுற்றி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் ஒரு வாக்கியம் சொல்ல முனகுகிற பையன், தெருவுக்கே கேட்கிற மாதிரி போர்த்துகீசியத்தில் கத்துகிறான். அவன் அம்மா என்னிடம், "அடுத்த வருஷம் இன்னும் நல்லா..." என்று தொடங்கியவள், அப்படியே விழுங்கிவிட்டாள். அடுத்த வருஷம் என்ன?

நவம்பர் 24, ஞாயிறு

யோசித்துப் பார்த்தேன். ஜனவரியில் சங்கத்தின் பொதுக்குழு. வகுப்பு யாரிடம் என்பதை அங்கேதான் கையைத் தூக்கி முடிவு செய்வார்கள். இருபத்திரண்டு வருடமாக ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. இந்த வருடம் கேட்கப் போகிறார்கள்.

அந்தச் சங்க மண்டபத்தை விர்ஜீலியோவும் மற்ற மீனவர்களும் கடலுக்குப் போகாத நாளெல்லாம் செங்கல் சுமந்து கட்டினார்கள். அது கிடக்கட்டும். எனக்குப் பிள்ளைகள் இல்லை. கடையிலும் பேருந்திலும் இந்த ஊர் மொழியில் உடைந்த சொற்களைப் போட்டுச் சமாளிக்கிறேன். வாரத்தில் சனிக்கிழமை மட்டும்தான் முழு வாக்கியமாகப் பேசுகிறேன். அதை எடுத்துவிட்டால்...

டிசம்பர் 8, ஞாயிறு

அமலோற்பவ மாதா திருநாள். தேன் கேக் செய்தேன், ஐந்து. ஒரு வருடமானாலும் கெடாது. போன வருடத்துக் கேக் ஒன்று இன்னும் உடைக்காமல் இருக்கிறது. புதியது அடுப்பில் வேகும்போது பழையதை எல்லாரும் சேர்ந்து உடைத்துத் தின்ன வேண்டும் என்பது வழக்கம். எல்லாரும் என்றால் யார்? துணியில் சுற்றி மறுபடி அலமாரியில் வைத்தேன்.

டிசம்பர் 14, சனி

வருடத்தின் கடைசி வகுப்பு. ஜனவரி பதினைந்து, புனித அமாரோ நாளைப் பற்றிச் சொன்னேன். மதேராவில் அன்றுதான் கிறிஸ்துமஸ் முடியும். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூட்டமாக வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவோம். அலமாரியில் மிஞ்சியிருப்பதையெல்லாம் தின்று தீர்த்து, பாடி, வீட்டைப் பெருக்கிவிட்டு வருவோம். அலமாரி கூட்டுவது என்று இதற்குப் பெயர். தட்டியவர்களுக்குக் கதவைத் திறக்க மாட்டேன் என்று எந்த வீடும் சொல்லாது.

லியோனோர் என்ற சின்னப் பெண் கேட்டாள், "உங்க வீட்டுக்கு யாரு வருவாங்க டீச்சர்?"

வினைச்சொற்களுக்குப் போனேன். பிரேசில்காரி பின் பெஞ்சில் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

அவர் இருந்தவரை எங்கள் வாசற்கதவு வரை ஆள் நிற்கும். போன பிறகு ஒருவரும் இல்லை. மனிதர் இருந்த வரைக்கும்தான் மரியாதை. இவ்வளவுதான் இவர்கள்.

டிசம்பர் 25

பூண்டும் வைனும் ஊற்றி ஊறவைத்த பன்றிக்கறி. நிறையச் செய்துவிட்டேன். பாதி உறைபெட்டியில்.

ஜனவரி 7, செவ்வாய்

அகொஸ்தின்யோ வீட்டுக்கே வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தான். சுற்றி வளைத்துக் கடைசியில், "கொஞ்சம் ஓய்வா இருக்கலாமே டோனா எர்மீனியா, போதும் போதுங்கிற அளவுக்கு உழைச்சுட்டீங்க" என்றான்.

"எனக்குக் களைப்புன்னு யாரு சொன்னது?"

செருப்பைப் பார்த்தான். காப்பியைக் குடிக்காமல் போய்விட்டான்.

ஆக, முடிவாகிவிட்டது. பின்னால் இருந்து ஆட்டுவிக்கிறது யாரென்றும் தெரியும். அந்தக் கிதார்காரியின் பெயரை இங்கே எழுதி இந்தப் பக்கத்தைக் கெடுக்க மாட்டேன். பொதுக்குழுவில் எழுந்து நின்று எல்லார் முன்னிலும் சொல்வேன். என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்துவிட்டேன்.

ஜனவரி 15, புதன்

இப்போதுதான் கடைசித் தட்டைக் கழுவி வைத்தேன்.

மாலை வாசலில் டம் டம் என்று சத்தம். திறந்தால் பிரேசில்காரி, கிதாரோடு. பின்னால் என் ஆறு பிள்ளைகளும் ஆளுக்கொரு துடைப்பத்தோடு. ஒருவன் வீட்டில் துடைப்பமே இல்லையாம், தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் குழாயைக் கழற்றித் தூக்கி வந்திருந்தான். கதவு திறந்ததும் பாட ஆரம்பித்தார்கள். கறுப்பு உடுத்தியவளின் வாசலில்!

கையை உயர்த்தி நிறுத்தினேன். என் முதல் நினைப்பு, வேவு பார்க்க வந்திருக்கிறாள், கிழவி எந்த நிலையில் இருக்கிறாள் என்று சங்கத்தில் போய்ச் சொல்வதற்கு. அப்போது லியோனோர், "அலமாரியக் கூட்ட வந்திருக்கோம் டீச்சர். தட்டினா தொறப்பாங்கன்னு நீங்கதான சொன்னீங்க" என்றாள்.

நான்தான் சொன்னேன். வழிவிட்டேன்.

அலமாரிகளைத் திறந்தார்கள். தேன் பிஸ்கட்டுகள், டேஞ்சரின் ஆரஞ்சில் செய்த மதுபானம், ஜாம், கேக்குகள், ஒன்றும் குறையவில்லை. பன்றிக்கறியைச் சூடாக்கினேன். ஜுசாரா கேக்கை வெட்டக் கத்தி கேட்டாள். அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கி, "இதைக் கத்தி தொடக் கூடாது" என்று சொல்லிக் கையால் உடைத்தேன். போன வருடத்துக் கேக். அதுதான் முதலில் தீர்ந்தது.

அவள் அலமாரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இத்தனையும் யாருக்குச் செஞ்சீங்க டோனா? மத்தவங்கல்லாம் எப்ப வருவாங்க?"

அடுப்புக்குப் பின்னால் இன்னும் பெருக்கவில்லை என்றேன். போய்ப் பெருக்கினாள். அதிகப்பிரசங்கி. நன்றாகத்தான் பெருக்கினாள்.

ஜனவரி 16, வியாழன்

விடிந்ததும் சுல்மீராவின் போன். ஒரே கோபம்.

"துக்க வீட்டுக்குள்ள கிதாரத் தூக்கிட்டு வந்திருக்காளே, அவளுக்கு என்ன துணிச்சல் பாரு. எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா தெருமுனையிலயே மறிச்சிருப்பேன். நீ வாசல்லயே வெரட்டிட்டதான?"

"நீ ஏன்டி நாலு வருஷமா வரல?"

"எப்படி வர்றது எர்மீனியா? நீ கறுப்ப எறக்கலையே. நீயா வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லுவேன்னு ஒவ்வொரு வருஷமும் அகொஸ்தின்யோ வீட்டுல எல்லாரும் தொடப்பத்தோட காத்துட்டு இருப்போம். உன்கிட்டப் போயி யாரு கேக்கறது? உன்னப் பாத்தாப் பாதிரியாருக்கே பயம்."

அகொஸ்தின்யோ வீடு இங்கிருந்து இரண்டு தெரு.

வகுப்பை என்னிடமிருந்து எடுப்பது யார் யோசனை என்று கேட்டேன். மறைக்கவில்லை. "நான்தான் சொன்னேன். வாயத் தொறந்து பாடக்கூட முடியாம துக்கத்துல கெடக்கா, பாட்டு இல்லாம பிள்ளைங்க ஒவ்வொண்ணா நின்னுடுதுங்க, இவளப் போயி ஏன் கஷ்டப்படுத்தணும்னு. அந்தப் பொண்ணு இதுல ஒண்ணுமே கேக்கல. அவகிட்ட இன்னும் நாங்க பேசக்கூட இல்ல."

போனை வைத்துவிட்டேன். துக்கத்தில் கிடக்கிறேனாம். நான் கறுப்பு உடுத்துகிறேன், அவ்வளவுதான். இரண்டும் ஒன்றா?

இரண்டும் ஒன்றல்ல என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்.

ஜனவரி 19, ஞாயிறு

பொதுக்குழு. வகுப்பு விஷயம் வந்ததும் அகொஸ்தின்யோ தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தான். நான் எழுந்தேன். யோசித்து வைத்திருந்ததில் ஒரு சொல்லும் பயன்படவில்லை.

வகுப்பை நான் விடப் போவதில்லை என்றேன். ஆனால் பாட்டில்லாமல் பிள்ளைகளுக்கு மொழி வராது, அது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. என்னால் பாட முடியாது. "அந்தப் பிரேசில்காரி பாடட்டும். தப்பாப் பாடாம நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கறேன்."

சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. ஜுசாராவிடம் சம்மதமா என்று கேட்க எல்லாருக்கும் மறந்துபோயிற்று. அவளே பின்னாலிருந்து கையைத் தூக்கி, "எனக்குச் சம்மதம்தான், யாராவது கேட்டா" என்றாள்.

சுல்மீராவோடு இன்னும் பேசவில்லை. நாளைக்குப் பேசலாம்.

பிப்ரவரி 8, சனி

முதல் வகுப்பு. பதினோரு பேர். புதிதாக வந்த ஐந்து பேரில் இரண்டு பேர் பிரேசில் பிள்ளைகள். நிமிர்ந்து உட்காரத் தெரியவில்லை. தெரிந்துகொள்வார்கள்.

கடைசி அரைமணி நேரம் பாட்டு, நம் தீவின் அறுவடைப் பாட்டு. ஜுசாரா இரண்டு சரணம் பாடினாள், பிள்ளைகள் பின்னால் பாடினார்கள். மூன்றாவதில் நின்றுவிட்டாள். மறந்துவிட்டதாம். கிதாரை மட்டும் மீட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். பிள்ளைகள் வாயைத் திறந்தபடி காத்திருந்தார்கள். அப்படியே விட்டால் பாதிப் பாட்டோடு வீட்டுக்குப் போவார்கள். அதை என்னால் பொறுக்க முடியாது. மூன்றாவது சரணத்தைப் பாடிவிட்டேன். குரல் கரகரத்தது, மேலே எட்டவில்லை. இதே கறுப்பில்தான். காப்பித் தட்டோடு வந்த சுல்மீரா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். சிலுவை போட்டுக்கொள்ளக் கை இல்லை.

பிறகு எல்லாரும் போனதும் பூட்டுவதற்காகச் சமையலறைப் பக்கம் போனேன். ஜுசாரா தனியாகக் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள், பாடிக்கொண்டே. அதே பாட்டு. மூன்று சரணமும், ஒரு சொல் விடாமல்.

கதவுக்கு வெளியே நின்று முடியும்வரை கேட்டேன். உள்ளே போகவில்லை. இவளை நம்பவே கூடாது என்று முதல் நாளே நினைத்தேன்.