வாஷிங் மெஷினுக்கு எழுதிய காரணம்

பாரத்தை எல்லாம் இறக்கி வைத்துவிட்டுப் போன என் மாமாவுக்கு, உன் கலா எழுதுகிறேன்.

நாங்கள் இருக்கிறோம். நம் மகள் புவனா இன்னும் தி.நகர் துணிக்கடைக்குத்தான் போகிறாள். நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருகிறாள். மயிலாப்பூரில் அதே வீடுகளில்தான் நான் பாத்திரம் தேய்க்கிறேன். ஹவுசிங் போர்டில் நம் மாடிப்படிக்கு இன்னும் பல்பு போடவில்லை.

உன் படத்துக்குப் பூ வைக்கும்போது இப்போதெல்லாம் நான் உன் முகத்தைப் பார்ப்பதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். நான் செய்ததையும் எல்லாரும்தான் பார்த்தார்கள்.

என் மணிக்கட்டு வலி உனக்குத் தெரியும். நீ போன பிறகு அது கூடிவிட்டது, ஈரத் துணியைப் பிழிய முடியவில்லை. புவனாதான் போனில் ஒன்றைக் காட்டினாள். ஊரில் இருக்கிறவர்கள் வேண்டாத சாமானைக் குப்பையில் போடாமல் அதில் படம் எடுத்துப் போடுகிறார்கள். வேண்டியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், காசு கிடையாது. அடையாறில் ஒரு அம்மா வாஷிங் மெஷின் போட்டிருந்தார். நிறையப் பேர் கேட்டதால், ஏன் வேண்டும் என்று எழுதுங்கள், பார்த்துக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

அம்மாவுக்குக் கை வலி என்று புவனா எழுதினாள். எனக்கு அது போதாது என்று தோன்றியது. ஒருத்தி கைக்குழந்தை என்று எழுதியிருந்தாள், இன்னொருவர் ஆபரேஷன் என்று எழுதியிருந்தார்.

"அப்பா செத்ததப் போடு. குடுப்பாங்க," என்றேன்.

புவனா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் எழுதினாள். உலை கொதிப்பதற்குள் பதில் வந்துவிட்டது, மெஷின் எங்களுக்குத்தான் என்று.

அந்த வார்த்தையை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, மாமா. என் வாயிலிருந்து தானாகத்தான் வந்தது.

எடுத்து வர உன் கூட்டாளி கரீம் பாய் துணைக்கு வந்தார். உன்னோடு அத்தனை வருஷம் ஊர்க்காரர்கள் வீடு மாற்றும் சாமானை லாரியில் ஏற்றி இறக்கியவர், கூப்பிட்டதும் வந்துவிட்டார். அந்த அடையாறு அம்மாவும் நல்லவர்தான். காபி கொடுத்தார். "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டார். நான் சொன்னேன். நீ மாடிப்படியில் உட்கார்ந்ததை, தண்ணீர் கேட்டதை, நான் சொம்போடு வருவதற்குள் சாய்ந்துவிட்டதை, எல்லாம் சொன்னேன். அழுகையும் வந்தது. பொய் அழுகை இல்லை. ஆனால் அது வந்த நேரம் எனக்கே பிடிக்கவில்லை. மெஷினை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற கரீம் பாய் தலையைக் குனிந்துகொண்டார். அவரிடம்கூட நான் அதை முழுசாகச் சொன்னதில்லை.

கிளம்பும்போது மெஷின் பக்கத்தில் என்னை நிற்கவைத்து அந்த அம்மா ஒரு படம் எடுத்தார். நான் கைகூப்பிக்கொண்டு நின்றேன். கூப்பு என்று யாரும் சொல்லவில்லை. கணவனை இழந்தவர் என்று எழுதி அந்தப் படத்தைப் போனில் போட்டார்.

அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. படத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் எனக்கே கொடுக்கலாம் என்று கிளம்பிவிட்டார்கள். ரப்பர் போன குக்கர்கள் வந்தன. கே.கே. நகரிலிருந்து நடுவில் குழி விழுந்த மெத்தை வந்தது. துணி மூட்டை, மீன் இல்லாத மீன் தொட்டி. ஒருத்தர், உடம்பு இளைக்க ஏறி நின்ற இடத்திலேயே ஓடுகிற மெஷின் ஒன்றை வண்டி வைத்தே அனுப்பிவிட்டார். இழவு விழுந்த வீடு என்று இரக்கப்பட்டு அனுப்புகிறார்கள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கி வாங்கி வைத்தேன். உள்ளே இடம் போய், நடைவழிக்கும் வந்துவிட்டது.

எதிர்வீட்டு மேரி இடுப்பில் குடத்தோடு நின்று கத்தினாள். "இன்னாடி கலா, காயலாங்கடை வச்சிக்கினியா? மனுசி போவறதா வேணாமா?"

மெத்தையை நானும் புவனாவும் இழுத்துக்கொண்டு போய்த் தெருமுனைக் குப்பைத் தொட்டி பக்கத்தில் போட்டோம். குப்பைக்குப் போகக்கூடாது என்று யாரோ அனுப்பியது, நம் வீட்டில் படுத்து எழுந்து குப்பைக்கே போயிற்று. நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கரீம் பாய் வந்தார். ஓடுகிற மெஷின் மேல் நான் காயப்போட்டிருந்த துணியைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா தங்கச்சி, ஓட்டப் பந்தயத்துல பேர் குடுத்துட்டியா? வேணாம்னு ஒரு வார்த்த வராதா உனக்கு?"

"குடுக்கறவங்க மனசு கஷ்டப்படுமே பாய்."

"உன் வூட்டுக்காரன் சொல்லுவானே. வூடு காலி பண்றவங்க, டிவிய எடுத்துக்கோ, கட்டில எடுத்துக்கோன்னு குடுத்துக்கினே இருப்பாங்க. இவன் சிரிச்சிக்கினே, 'வூட்ல இடம் இல்லம்மா'ம்பான். உங்க கண்ணாலம் ஆன புதுசுலருந்து அதே பாட்டுதான்."

இடம் இல்லையா, மாமா? அப்போது நம் வீட்டில் ஒரு கோரைப்பாயும் நாலு பாத்திரமும்தானே இருந்தன? பேசினால் குரல் சுவரில் இடித்துத் திரும்பி வருமே. மற்ற லோடுமேன் வீட்டில் எல்லாம் டிவி இருக்கிறது, உனக்கு மட்டும் ஏன் யாரும் தருவதில்லை என்று நான் எத்தனை தடவை குத்திக் காட்டினேன். நீ பதில் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவாய். ஒரு நாளாவது சொல்லியிருக்கக் கூடாதா?

"வந்த வழியிலயே திரும்பப் போவட்டும், போன்ல போடு," என்றார் பாய். புவனா போட்டாள். நாங்கள் கேட்கவே இல்லை, காரணங்கள் வரிசையாக வந்தன. முட்டி வலி, சர்க்கரை, வேலை போய்விட்டது. குக்கருக்கு ஒரு பெண், என் கணவர் இறந்துவிட்டார் என்று எழுதியிருந்தாள்.

"இவங்களுக்கே குடுத்துடலாம்மா. இதான் பெரிய காரணம்," என்றாள் புவனா.

போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். "காரணம் எழுத வேணாம்னு போடு. கேட்ட வரிசைல வந்து எடுத்துக்கட்டும்."

ஓடுகிற மெஷினைத் தரமணி ஹாஸ்டல் பெண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். கணவர் இறந்துவிட்டார் என்று எழுதிய பெண்ணுக்கு முன்னால் ஒருவர் ஒரு குக்கரை எடுத்துப் போனார். அவள் முறை வந்தபோது இன்னும் ஒன்று இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, எங்க வூட்டுக்காரரு..."

"சொல்ல வேணாம்மா. புது ரப்பர் போட்டிருக்கேன், விசில் நல்லா வருது. எடுத்துக்கோ."

அவள் குக்கரை எடுத்துக்கொண்டாள். அப்புறம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "போட்டோ எடுத்துக்கறீங்களா அக்கா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா," என்றேன். அவள் படி இறங்கி முடிக்கும் வரைக்கும் இருட்டில் என் போன் வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

மாமா, வாஷிங் மெஷினை நான் வைத்துக்கொண்டேன். கை வலி கேட்கவில்லை. அது சுற்றும்போதெல்லாம் என்ன கொடுத்து இதை வாங்கினேன் என்று ஞாபகம் வருகிறது, வரட்டும். இனிமேல் நீ போனதைச் சொல்லி யாரிடமும் எதையும் வாங்க மாட்டேன். என்னிடம் வாங்க வருகிறவர்களை ஏன் என்று கேட்கவும் மாட்டேன். எடுத்துக்கொள் என்று யாராவது நீட்டினால், நீ சொன்னதையே சிரித்துக்கொண்டு சொல்லப் பழகுகிறேன்.

நாளைக்குப் பூ வைக்கும்போது நிமிர்ந்து உன் முகத்தைப் பார்க்கிறேன். நீ எப்படிப் பார்த்தாலும் சரி.

உன் வீட்டுக்காரி,
புவனாவின் அம்மா கலா