வெண்ணெய் போடாத இனிப்பு

பிப்ரவரி 6, வியாழன்

கடையில் இன்று பிறந்தநாள் கேக் மட்டுமே மூன்று. மூன்றுக்கும் நான்தான் கிரீம் பூசினேன். ஊரார் வீட்டுப் பிள்ளைகள் விரலால் வழித்து வழித்துத் தின்னும். என் வீட்டில் பதினாறு வயதில் ஒருத்தி, பச்சைத் தண்ணீரைக்கூட யோசித்து யோசித்துக் குடிக்கிறாள்.

"பக்கத்துல வராதம்மா, உன் மேல வெண்ணெய் வாடை" என்கிறாள். வேலை முடிந்து வந்தால் குளித்துவிட்டுத்தான் அவள் அறைக்குள் போகிறேன். பேக்கரிக்காரி பெத்த பொண்ணு! இதை யாரிடம் சொல்லி அழ?

பிப்ரவரி 7

டாக்டரம்மாவிடம் போனோம். பால், முட்டை வேண்டாம் என்பது அவள் கொள்கை, அதில் தப்பில்லை என்றார். இப்போது எந்தச் சாப்பாட்டைப் பார்த்தாலும் பயப்படுகிறாளே, அதுதான் நோயாம். "அவ எதுக்கு ஒத்துக்கிறாளோ அதைக் கொடுங்க. இன்னும் எடை இறங்கினா ஆஸ்பத்திரியில சேர்த்தே ஆகணும்."

திரும்பி வரும்போது பாப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஏதாவது ஸ்வீட் செஞ்சா சாப்பிடுறேன். பால், வெண்ணெய், சர்க்கரை எதுவும் கூடாது. நான் பக்கத்துல நின்னு பார்ப்பேன்."

பாருடி தாயே. நல்லாப் பாரு. சாப்பிட்டால் போதும்.

பிப்ரவரி 9

வாழைப்பழத்தை நறுக்கி ஃப்ரீசரில் வைத்திருந்தேன். அதோடு கோகோ தூள், ஒரு சிட்டிகை உப்பு. உப்பு இல்லாவிட்டால் எந்த இனிப்பும் எனக்கு இனிப்பே இல்லை. மிக்ஸியில் ஓட்டினேன்.

பாதியில் எட்டிப் பார்த்து, "கெட்டுப்போச்சாம்மா?" என்றாள்.

"கெடலைடி. முதல்ல உதிரும், அப்புறம் கட்டி கட்டியா நிக்கும். அங்க பயந்து நிறுத்திடக் கூடாது. அதுக்கப்புறம்தான் வழுவழுன்னு வரும்."

வந்தது. இரண்டு கரண்டி சாப்பிட்டாள். மொத்தம் ஐந்து நிமிஷ வேலை. இவளுக்கு அப்படித்தான் செய்ய வேண்டும். அடுப்பில் ஏற்றி, இறக்கி, ஆற வைத்தால் அதற்குள் மனசு மாறிவிடும்.

பிப்ரவரி 13

பேரீச்சம்பழத்தையும் வறுத்த வேர்க்கடலையையும் அரைத்து உருட்டினேன். ஒரே ஒரு உருண்டை. அதையும் நாலாக வெட்டி, மதியம் முழுக்க வைத்துக்கொண்டு தின்றாள்.

நான் முறைத்துக்கொண்டே நின்றேனாம். வீட்டுக்காரர் என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிற மனுஷன், எல்லாவற்றுக்கும் லிஃப்ட் கதைதான். "உள்ள மாட்டிக்கிட்டவங்ககிட்ட கத்தக் கூடாதுடி. 'இங்கதான் இருக்கேன், பயப்படாதீங்க'ன்னு வெளியில நின்னு சொல்லிட்டே இருக்கணும்."

எல்லாம் வாய் கிழியப் பேசலாம். பெத்த வயிறு பத்திக்கிட்டு எரியுது எனக்கு.

பிப்ரவரி 18

எடை ஏறவில்லை. இறங்கியிருக்கிறது.

பிப்ரவரி 20

இன்று பக்கத்தில் நிற்கவில்லை. "நீ செய்மா, நான் குளிச்சிட்டு வரேன்" என்றாள். போன வாரம் இதைச் சொல்லியிருந்தால் குதித்திருப்பேன்.

அவகாடோ என்கிற வெண்ணெய்ப் பழம், கோகோ, ஊறவைத்த பேரீச்சம்பழம் மூன்றையும் அடித்தேன். பிறகு கடையிலிருந்து கொண்டுவந்திருந்த வெண்ணெயை உருக்கி ஊற்றி இன்னொரு தரம் அடித்தேன். கை தானாகப் போனது என்று எழுதினால் பொய். யோசித்துத்தான் ஊற்றினேன்.

கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். "அம்மா, இன்னைக்கு சூப்பரா இருக்கு." எத்தனை நாள் ஆச்சு இந்த வார்த்தையைக் கேட்டு! குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பிப்ரவரி 24

தினமும் போடுகிறேன். எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது. டாக்டரம்மா பாப்பாவைத் தட்டிக்கொடுத்தார், அவள் சிரித்தாள். நான் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரிடம்கூட வெண்ணெய் விஷயத்தைச் சொல்லவில்லை. எனக்கு வேறு வழி என்ன இருக்கிறது?

பிப்ரவரி 26

மாட்டிக்கொண்டேன்.

நேற்றைய மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன், அறிவு கெட்டவள். அவளாகவே, ஆசையாக, அதை எடுத்திருக்கிறாள். கரண்டி இறங்கவில்லை.

"பழத்துல செஞ்சது இப்படிக் கல்லு மாதிரி இறுகாதும்மா. வெண்ணெய்தான் இறுகும். நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்த."

ஆமாம், நான்தான். நாலு வயதில் கடை மேசை மேல் உட்கார வைத்து, விரலில் தொட்டுக் காட்டிச் சொல்லிக்கொடுத்தேன்.

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டாள். "உன் உசிரு எனக்கு முக்கியம்டி" என்றேன். "உன்னை நம்பித்தானே குளிக்கப் போனேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாவி. நான்தான் பாவி. வேற யாரு?

பிப்ரவரி 28

என் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. மூடி திறக்காத பாட்டிலைத்தான் அவளே திறந்து குடிக்கிறாள். கதவுக்கு வெளியே நின்று "இங்கதான் இருக்கேன்" என்றேன். "தெரியும், போ" என்றாள்.

மார்ச் 3

ஆஸ்பத்திரி. நடக்கும்போதே சரிந்துவிட்டாள். மூக்கு வழியாகக் குழாய் போட்டிருக்கிறார்கள்.

குழாயில் விடுவதில் பால் கிடையாது என்று நர்ஸ் டப்பாவை அவளிடம் காட்டினார். அவள் முழுக்கப் படித்துத் தலையாட்டின பிறகுதான் ஊற்றினார். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்திருக்கிறது. அதுகூடத் தெரியாமல் நான் என்ன அம்மா?

மார்ச் 8

பேசவில்லை.

மார்ச் 12

கடையில் கிரீம் அடிக்கும்போது குமட்டிக்கொண்டு வந்தது. முதலாளி வீட்டுக்குப் போகச் சொன்னார். வீட்டில் மட்டும் எனக்கு என்ன வேலை?

மார்ச் 20

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழாய் இல்லை. சாப்பிடாவிட்டால் திரும்பவும் போடுவார்களாம்.

அவரிடம் சொல்லியிருக்கிறாள், "நீ செய்ப்பா. நான் பார்ப்பேன். அம்மா சமையல்கட்டுக்குள்ள வரக் கூடாது." வெந்நீர் போட்டாலும் தீய்த்துவிடும் மனுஷன்! சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

மார்ச் 21

சமையல்கட்டுக்கு வெளியே, சுவரை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே மிக்ஸி ஓடியது, நின்றது.

"என்னம்மா இது, உதிரி உதிரியா இருக்கு? சொதப்பிட்டேனா?" என்றார் அவர்.

வாய் வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"இல்லப்பா. முதல்ல உதிரும், அப்புறம் கட்டி கட்டியா நிக்கும். அங்க பயந்து நிறுத்திடாத. அதுக்கப்புறம்தான் வழுவழுன்னு வரும்" என்றாள் பாப்பா.

மிக்ஸி மறுபடி ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து, கரண்டி கிண்ணத்தில் படுகிற சத்தம். ரொம்ப மெதுவாக, நிறைய இடைவெளி விட்டு. ஆனால் நிற்கவில்லை.

அவள் அறைக்குப் போன பிறகுதான் உள்ளே போனேன். கிண்ணத்தில் பாதி மிச்சம். "நாளைக்குச் சாப்பிடுறேன்னு சொல்லியிருக்கா. ஃப்ரீசர்ல வை" என்றார். விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். மனுஷன் உப்பே போடவில்லை.

உப்பு டப்பாவைக் கையில் எடுத்துவிட்டேன். ஒரு சிட்டிகைதான்.

திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன்.