வலது பை ஓட்டை

பிப்ரவரி 1, சனி

இவருடைய சாம்பல் நிற பேன்ட்டில் வலது பை மறுபடியும் ஓட்டை. போன வாரம்தான் தைத்துக் கொடுத்தேன். இடது பை கல்லு மாதிரி இருக்கிறது. வலது பையில் மட்டும் எலி குடித்தனம் நடத்துகிறதா? கேட்டால், "துணி மட்டம்" என்கிறார். துணி மட்டமென்றால் இரண்டு பையும் அல்லவா கிழிய வேண்டும்? இந்தத் தடவை இரட்டை நூல் போட்டிருக்கிறேன். கிழியட்டும் பார்க்கலாம்.

நாளைக்குக் கோல்ஃப். ரிட்டையர் ஆன பிறகு இந்த மனுஷனைப் பிடித்த பேய் அது. வேலையில் இருந்த காலமெல்லாம் எடைக்கல் இன்ஸ்பெக்டர். கடைத்தெருவில் இவர் தலை தெரிந்தால் தராசுத் தட்டுகள் தானாக நேராகும் என்பார்கள். தட்டைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பார். சரியாக இருந்தால் முத்திரை, இல்லையென்றால் அபராதம், அப்பனாக இருந்தாலும் சரி. என் கூடப்பிறந்த தம்பி கடையிலேயே தராசைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர். தம்பி வெகுநாள் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் பாதி, பெருமை பாதி. சரி, பெருமைதான் ஜாஸ்தி.

பழக்கம் போகவில்லை. தன் கோல்ஃப் பந்து ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் ஒரு முத்திரைப் புள்ளி வைத்துத்தான் வெளியே எடுப்பார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்றைக்கு நானும் மைதானத்துக்குப் போனேன். சும்மா இல்லை, உத்தியோகமாக.

மகன் வயிற்றுப் பேத்தி எங்களோடு தங்கித்தான் படிக்கிறாள். காலேஜில் கடைசி வருஷம். மூன்று வயதில் ஸ்க்ரூடிரைவரை வைத்து என் மிக்ஸியைப் பிரித்து மேய்ந்ததால் தாத்தா அவளுக்கு வைத்த பேர் திருப்புளி. காணாமல் போன கோல்ஃப் பந்தைக் கண்டுபிடிக்க ஒரு மெஷின் செய்திருக்கிறாள். மெஷின் என்றால் என்னவோ என்று நினைக்க வேண்டாம். என்னுடைய ரோஸ் கலர் சோப்பு டப்பா, அதில் ஒரு கம்பி, ஒரு சின்னத் திரை. பந்துக்குள்ளே அரிசி மணி அளவில் சில்லு ஒன்றை, அவள் பாஷையில் 'சிப்', வைத்து ஒட்டிவிட வேண்டும். டப்பா அது இருக்கும் திசைக்கு அம்பு காட்டும். கிட்டப் போகப் போக கீக் கீக் என்று கத்தும். திருப்புளிக்கு லேப்டாப்பைப் பிடிக்கவே இரண்டு கையும் போய்விட்டது. டப்பா என் கையில். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அம்பு எந்தப் பக்கம் என்று பார்க்க அஞ்சாம் வகுப்பு தாராளம்.

தாத்தாவின் கோல்ஃப் பையில் இருந்த பந்துகளிலும், கூட ஆடுகிற பல் டாக்டரின் பந்துகளிலும் சில்லு வைத்திருந்தாள். "உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் தாத்தா" என்று காலையில் சொன்னபோது இவர் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆனது. எனக்குக் கோபம் வந்தது. பேத்தி ஆசையாகச் செய்ததை வாய் நிறையப் பாராட்டினால் என்னவாம்?

ஆட்டம் எனக்கு இவ்வளவுதான் புரிந்தது: குறைந்த அடியில் பந்தைக் குழிக்குள் தள்ளியவர் ஜெயித்தவர். பந்து தொலைந்தால் தண்டமாக அடி கூடும். பல் டாக்டர் அடித்த பந்து காணாமல் போனது. டப்பா நேரே மேலே காட்டியது. அண்ணாந்து பார்த்தால் மரக்கவட்டில் உட்கார்ந்திருக்கிறது பந்து. எத்தனை பேரை ஆ காட்டச் சொன்னவர், இன்றைக்கு அவரே ஆவென்று நின்றார். கிளப் செக்ரெட்டரி கை தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் இவர் பந்து தொலைந்தது. டப்பா குளத்தோரம் நாணல் பக்கம் காட்டுகிறது. இவரோ எதிர்த்திசையில் புல்லுக்குள் உலாத்திவிட்டு, "இதோ கிடைச்சிருச்சு!" என்றார். பார்த்தால் சிவப்புப் புள்ளியோடு பந்து. டப்பாவை அதன் மேலேயே வைத்தேன். மூச்சில்லை.

"மெஷின் எல்லாம் கண்ணுக்கு ஈடாகுமாம்மா" என்றார் பேத்தியிடம். குழந்தை முகம் சுண்டிப்போயிற்று.

பிப்ரவரி 5, புதன்

டப்பாவைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். சாப்பாடு மேஜையில் ஆறிப் போனது.

பிப்ரவரி 9, ஞாயிறு

மறுபடியும் அதே கூத்து. பல் டாக்டரின் பந்து செக்ரெட்டரியின் மடக்கிய குடைக்குள் விழுந்திருந்தது. அதையே கண்டுபிடித்தது டப்பா! செக்ரெட்டரி குடையை விரித்தார், அவர் தலையிலேயே பந்து விழுந்தது. ஆனால் இவர் பந்து என்றால் மட்டும் குளத்து நாணல், குளத்து நாணல். இவர் வேறு எங்கேயோ "கிடைச்சிருச்சு!" இன்றைக்கு இரண்டு தடவை.

செக்ரெட்டரி சிரித்துக்கொண்டே, "பாட்டிம்மா, உங்க பேத்தி மெஷினுக்குக் குளத்து மேல ஒரு கண்ணு போல" என்றார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "இருபத்துமூணாம் தேதி கோப்பை ஆட்டம். அன்னிக்கு எல்லார் பந்தையும் சரியாக் காட்டணும். ஒண்ணு தப்பினாலும் கிளப் சரின்னு சொல்ல முடியாதும்மா." கிளப் சரியென்று சொன்னால்தான் காலேஜில் பாஸ். இல்லையென்றால் வருஷம் போச்சு.

சாப்பிடும்போது இவர் தன் தட்டில் இருந்ததை எல்லாம் அவள் தட்டில் எடுத்து வைத்தார். அவள் திருப்பி இவர் தட்டில் வைத்தாள். நான் நடுவில் உட்கார்ந்து சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

வலது பை ஓட்டை. இரட்டை நூல் போட்டதுதான்! சலவைக்காரரைப் பிடித்துக் கத்தினேன். "அம்மா, நான் துணியத் துவைக்கிறேன், ஓட்டையவா துவைக்கிறேன்? நூலைப் பாருங்க, இது கிழிஞ்சதில்ல, கத்தரிச்சது" என்றார். வாய்க்கொழுப்பு.

பிப்ரவரி 16, ஞாயிறு

மழை. ஆட்டம் இல்லை. இவர் நாள் முழுக்க ஜன்னலோரம். சந்தோஷமாக இருக்கிற மாதிரி தெரிந்தது. மழைக்கு என்ன இவ்வளவு நன்றி?

பிப்ரவரி 18, செவ்வாய்



திருப்புளி அறையில் குப்பைக் கூடையைக் கொட்டப் போனேன். அடியில் ஒரு கோல்ஃப் பந்து, நறுக்காக இரண்டாய் அறுத்தது. சிவப்புப் புள்ளி இருந்தது. உள்ளே வெறும் ரப்பர். சில்லு இல்லை. சில்லு வைத்த இடம், ஒட்டின தடம் எதுவும் இல்லை. இவர் "கிடைச்சிருச்சு" என்று காட்டிய பந்து அது.

அப்படியென்றால் தொலைந்த பந்து வேறு. இது வேறு. இது எங்கிருந்து வந்தது?

எனக்குள்ளே என்னவோ டிக் என்றது. பேன்ட்டை எடுத்தேன். இவர் தூங்கிக்கொண்டிருந்தார். அலமாரியிலிருந்து ஒரு பந்தை எடுத்து வலது பைக்குள் விட்டேன். பையில் தங்கவே இல்லை. கால் குழாய் வழியாக, சத்தம் போடாமல், பூனை மாதிரி இறங்கி என் காலடியில் உருண்டு நின்றது.

கோழி முட்டை போடுகிற மாதிரி, இந்த மனுஷன் நடந்துகொண்டே பந்து போட்டிருக்கிறார்!

அட பாவி மனுஷா. தம்பி கடைத் தராசைத் தூக்கிட்டு வந்தியே. காய்கறிக்காரிகிட்ட அரைக்கல்லு குறைஞ்சதுக்கு அந்தக் கத்து கத்துனியே. நான் ஊசியில நூல் கோக்கக் கோக்க நீ கத்தரியால வெட்டிக்கிட்டே இருந்தியா? கண்ணு தெரியாம விரல்ல குத்திக்கிட்டேனே, அதுகூடவா—

மாலையில் திருப்புளி வந்ததும் அந்த இரண்டு பாதியையும் அவள் முன்னால் வைத்தேன்.

"எப்போ தெரியும்?"

"போன வாரமே. விடுங்க பாட்டி. மெஷின் சரியா வரலன்னு காலேஜ்ல சொல்லிடறேன். அடுத்த வருஷம் எழுதிக்கலாம்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"தாத்தா பேரு போனா அடுத்த வருஷம் திரும்பி வருமா? அவரைக்கூட விடுங்க. நீங்க! ஊர் முழுக்க எங்க வீட்டுக்காரர் தராசு, தராசுன்னு தம்பட்டம் அடிச்சு வெச்சிருக்கீங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

எனக்காகவா தோற்கப் பார்த்தாள்? என் வாய்க்காகவா?

பிப்ரவரி 19, புதன்

மெஷின் சரியென்றால் இவர் திருடர். இவர் சரியென்றால் மெஷின் பொய். பேத்தியா, புருஷனா? டப்பாவோ என் கையில்.

இவரிடம் கேட்டுவிடலாமா? கேட்டால் இல்லையென்று சொல்வார். அந்த இல்லையைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

பிப்ரவரி 22, சனி

வழி கண்டுபிடித்துவிட்டேன்.

சாக்குத் தைக்கிற ஊசி. மீன் பிடிக்கிற நைலான் நூல். கத்தரி வைத்தால் கத்தரிதான் உடையும். வலது பையை அடியில் தைத்து, ஓரம் தைத்து, குறுக்கே தைத்து, அதன் மேல் இன்னொரு துணி வைத்துத் தைத்தேன். ஆட்டத்துக்குக் கிளம்புகிற நேரத்தில்தான் பேன்ட்டைக் கையில் கொடுப்பது. பந்து கீழே இறங்காது. தொலைந்த பந்தைத் தேடித்தான் ஆக வேண்டும். டப்பா காட்டும், பந்து கிடைக்கும். இரண்டு பேர் மானமும் ஒரே தையலில்.

அஞ்சாம் வகுப்புக்கு இது போதாதா?

பிப்ரவரி 23, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கடைசிக் குழி வரைக்கும் இவரும் பல் டாக்டரும் சமம். சுற்றி நல்ல கூட்டம். இவர் ஓங்கி அடித்தார். பந்து பறந்து குளத்துப் பக்கம் மறைந்தது. டப்பா உடனே நாணலைக் காட்டியது. திருப்புளி லேப்டாப்பை மூடிவிட்டுத் தரையைப் பார்த்தாள். அவளிடம் நான் தையலைப் பற்றி மூச்சு விடவில்லை.

இவர் வழக்கம்போல எதிர்ப்பக்கம் புல்லுக்குள் போனார். கைக்குள் மறைத்திருந்த எதையோ வலது பையில் நழுவவிட்டு, வலது காலை லேசாக உதறினார். ஒன்றும் விழவில்லை. இன்னும் கொஞ்சம் உதறினார். நொண்டி அடித்தார். ஒரு சுற்று சுற்றினார். கூட்டம் வேடிக்கை பார்த்தது.

"என்ன சார், கட்டெறும்பா?" என்றார் பல் டாக்டர்.

"நரம்பு இழுத்துக்கிச்சு போல. காலை நீட்டுங்க சார்!" செக்ரெட்டரி தைலம் எடுக்க ஓடினார்.

இவர் பைக்குள் கையை விட்டார். விரலுக்குத் தையல் தட்டுப்பட்டிருக்கும். அப்படியே நின்று திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஆகாசத்தைப் பார்த்தேன். ஆகாசத்தில் ஒன்றும் இல்லை.

"வாங்க, மெஷின் சொல்ற இடத்துல பாத்துருவோம்" என்று நானே நடந்தேன். நாணலை விலக்க விலக்க டப்பா பச்சைக்குழந்தை மாதிரி வீரிட்டது. உள்ளே ஒரு வாத்து அடை படுத்திருந்தது. எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. பல் டாக்டர் கையை நீட்டினார். எத்தனையோ வாய்க்குள் பயமில்லாமல் கை விட்டவர், இந்த வாய்க்குத் தப்பவில்லை. அவர் போட்ட கத்தலில் வாத்தே பயந்து எழுந்துவிட்டது.

கூட்டுக்குள் முட்டைகள். முட்டைகளோடு முட்டையாகப் பந்துகள். இன்றைக்கு அடித்தது மட்டும் இல்லை. போன தடவை, அதற்கு முந்தின தடவை, எல்லாம். எல்லாவற்றிலும் சிவப்புப் புள்ளி. அந்த வாத்து குளத்தோரம் விழுந்ததை எல்லாம் தன் முட்டையென்று உருட்டிச் சேர்த்து வைத்திருக்கிறது.

என் தையல் இதைக் கணக்கில் எடுக்கவில்லையே.

"வாத்து முத்திரை குத்தியே முட்டை போடுது!" என்று யாரோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். செக்ரெட்டரி மட்டும் சிரிக்கவில்லை. "சார் பந்தெல்லாம் அன்னைக்கே கிடைச்சுதே..." என்று இழுத்தார். பிறகு அவரே, "பழகும்போது விட்ட பந்தா இருக்கும், இல்லையா சார்?" என்று ஏணி போட்டுக் கொடுத்தார். ஏறிக்கொண்டால் முடிந்தது.

இவர் குனிந்து ஒரு பந்தை எடுத்தார். கட்டைவிரலால் அந்தப் புள்ளியை அழுத்தித் தேய்த்தார், தராசுத் தட்டை அழுத்துகிற மாதிரியே.

"இல்ல சார். இதெல்லாம் தொலைஞ்ச பந்து. கிடைச்சுதுன்னு நான் காட்டினது வேற. பைல கொண்டுவந்தது." பந்தை செக்ரெட்டரி கையில் வைத்தார். "எங்க பொண்ணு செஞ்ச தராசு சரி. நான் வெச்ச கல்லுதான் கள்ளக்கல்லு."

வாத்து மட்டும் பேசிக்கொண்டிருந்தது. திருப்புளி ஓடிவந்து தாத்தா கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோப்பை பல் டாக்டருக்கு. மெஷின் சரியென்று செக்ரெட்டரி எல்லார் முன்னாலும் சொன்னார்.

வீட்டுக்கு வரும்போது இவர் எனக்குப் பின்னாலேயே நடந்தார். வாசலில் வந்துதான் வாய் திறந்தார்.

"எதுல தைச்ச?"

"சாக்கு ஊசி."

"ம். கெட்டித் தையல்."

பிப்ரவரி 24, திங்கள்

இத்தனை வருஷம் பெருமையடித்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? தம்பிக்குத் தெரிந்தால் சிரிப்பானே.

ஆனால் அவ்வளவு பேர் முன்னால், ஏணி போட்டுக் கொடுத்தும் ஏறாமல், உண்மையைச் சொல்ல வேறு எவனுக்கு நெஞ்சு வரும்? பார், மறுபடியும் ஆரம்பித்துவிட்டேன்.

பிப்ரவரி 27, வியாழன்

திருப்புளி பாஸ். அடுத்த வாரத்திலிருந்து கிளப்பில் எல்லார் பந்திலும் சில்லு இருந்தாக வேண்டுமாம். செக்ரெட்டரி போர்டில் எழுதி ஒட்டிவிட்டார்.

பிப்ரவரி 28, வெள்ளி

பல் டாக்டர் வீட்டுக்கு வந்தார். விரலில் கட்டு, கையில் ஒரு காகிதப் பை. உட்கார்ந்தார், எழுந்தார், தண்ணீர் கேட்டார், மறுபடி உட்கார்ந்தார். பைக்குள் இரண்டு பேன்ட்.

"ஆன்ட்டி, வலது பை கொஞ்சம்... லூசா இருக்கு. நீங்க நல்லா தைப்பீங்கன்னு சொன்னாங்க."

"எலியா டாக்டர்?"

"எலிதான் ஆன்ட்டி" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

மார்ச் 1, சனி

காலையில் செக்ரெட்டரி வீட்டு டிரைவர் ஒரு மூட்டை கொண்டுவந்து வைத்தார். மதியத்துக்குள் மேஜை தெரியவில்லை. எத்தனை கிளப்காரர்கள், எத்தனை எலிகள்! எல்லாம் வலது பை. ஒருவர் மட்டும் இடது பை. அவர் இடக்கைக்காரராம்.

நான் தைக்கத் தைக்க இவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். யாரும் கூப்பிடவில்லை. தைத்த பேன்ட்டை வாங்கி, பைக்குள் ஒரு பந்தைப் போட்டு, தூக்கிப் பிடித்து உதறிப் பார்க்கிறார். நின்றால் கட்டைவிரலால் ஒரு அழுத்து. பிறகு பையின் உள்பக்கம் சிவப்பு மையால் ஒரு புள்ளி. செக்ரெட்டரியின் பேன்ட் ஒன்றை, "இது பத்தாது, திரும்பத் தை" என்று என்னிடமே தள்ளிவிட்டார். பழைய குரல். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

குவியலின் அடியில் கடைசியாக இவருடைய சாம்பல் பேன்ட் இருந்தது. நான் வைக்கவில்லை. பந்தைப் போட்டார், உதறினார். நின்றது. முத்திரை வைக்காமல் மைக்குச்சியை என் பக்கம் நீட்டினார்.

"இதுக்கு நீ வை."

கட்டைவிரலால் நானும் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன்.