கடல் அமைதி என்று சொல்லிக்கொண்டிருந்த பக்கம்

என் ஆசை மாப்ளே செந்திலுக்கு,

நீ போன பிறகும் உன் வெப்சைட் வேலை பார்த்துக்கொண்டிருந்தது தெரியுமா? பதினாறாம் நாள் காரியம் முடிந்து, இராமநாதபுரத்தில் நம் கம்ப்யூட்டர் கடையைத் திறந்து உட்கார்ந்தேன். மாரியூரிலிருந்து காளிமுத்து அண்ணன் போன் போட்டார். மகன்கள் கடலுக்குப் போகிறார்கள், இவருக்குப் பார்வை போய்விட்டது. காற்றையும் கடலையும் பற்றி நீ தினமும் எழுதும் பக்கத்தைப் போனை வாசிக்கச் சொல்லித்தான் கேட்பாராம்.

“தம்பி, உங்க பக்கம் ‘இன்று கடல் அமைதி’ன்னே வாசிக்குது. இங்கன மேக்க இருந்து கச்சான் காத்து மணலை அள்ளி மூஞ்சில அடிக்குது. எம் பயலுகளை நான் நிறுத்திப்புட்டேன். மத்த ஊருக்காரக இதைக் கேட்டுட்டுக் கிளம்பிட்டா?”

நம் வீட்டு இழவு சர்வருக்கு எப்படித் தெரியும்? பிரவுசர் ஒரு முகவரியைச் சொல்லிக் கேட்கிறது, சர்வர் தன்னிடம் இருப்பதை எடுத்து அனுப்புகிறது. அதன் வேலை அவ்வளவுதான். நீ கடைசியாக எழுதிய ‘இன்று’ அப்படியே நின்றுவிட்டது.

மாற்றி எழுதப் போகிறேன் என்று உன் அக்காவிடம் சொன்னேன். அழுதுவிட்டாள். “எந் தம்பி கடைசியா எழுதுனதுங்க அது. அதை அழிச்சுப்புட்டு நீங்க எழுதப் போறீகளா?” என்றாள். ஒரு பக்கம் கடலுக்குப் போகும் உயிர்கள், மறுபக்கம் உன் எழுத்து. உன் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

அடேயப்பா மாப்ளே! சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வருகிற ஆளா இவ்வளவு ஒழுங்காக எழுதியிருக்கிறான்? தலைப்புக்குத் தலைப்புக்கான குறி, பத்திக்குப் பத்திக்கான குறி, நிறமும் அளவும் தனிக் கோப்பில். காற்றின் திசையைக் காட்டும் அம்புப் படத்துக்குப் பின்னால்கூட, அதைப் பார்க்க முடியாதவருக்காக ‘மேற்கிலிருந்து காற்று’ என்று எழுத்தில் வைத்திருக்கிறாய். காளிமுத்து அண்ணனின் போன் வாசித்தது அதைத்தான். மற்றவர்கள் எச்சரிக்கையையே படமாகப் பிடித்து அனுப்புகிறார்கள். அவர் போன் அதைப் பார்த்து ஊமையாகிவிடுகிறது.

நாம் பிரவுசிங் சென்டர் தொடங்கிய காலம் ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் ஓர் எழுத்துரு. அது இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் கொத்துப் புரோட்டாதான். இந்த பிரவுசரில்தான் பார்க்க வேண்டும் என்று சில தளங்கள் வாசலிலேயே சட்டம் பேசும். நீயோ எழுதியதையெல்லாம் யூனிகோடில் மறுபடி தட்டிக்கொண்டிருந்தாய். நம் கடையிலேயே பாதிக் கம்ப்யூட்டர்களில் அது வெறும் கட்டமாகத்தான் தெரிந்தது. ஏன்டா இந்தப் பாடு என்று கேட்டேன்.

“நம்ம பெட்டி நாளைக்கு மாறிப்போயிரும் மச்சான். எல்லாரும் ஒத்துக்கிட்ட முறையில எழுதி வச்சா, எந்தப் பெட்டியிலயும் தொறக்கும்.”

திறந்தது மாப்ளே! முகம் தெரியாத யார் யாரோ வருடக்கணக்கில் வாதாடி, இப்படித்தான் எழுத வேண்டும் என்று விதிகளை வகுத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்தார்கள். கூடுமானவரை பழைய பக்கம் உடையாமல் புதியதைச் சேர்த்தார்கள். புரியாத குறி வந்தால் பிரவுசர் கோபித்துக்கொள்ளாமல் தாண்டிப் போகிறது. உன் பழைய பக்கம் கைப்பேசிக்குப் பொருந்த நீ சேர்த்தது ஒரே ஒரு வரி. அவர்களையும் கும்பிடத் தோன்றுகிறது, உன்னையும்.

அப்புறம்தான் கவனித்தேன். ஒவ்வொரு நாள் அறிவிப்புக்கும் தேதியோடு தனி முகவரி வைத்திருக்கிறாய். கடைசியாக எழுதியது எதுவோ அதை முகப்பு எடுத்துக் காட்டுகிறது. ஒருமுறை கொடுத்த முகவரியை மாற்றக் கூடாது, யாராவது தேடி வருவார்கள் என்பாயே! இன்றைக்கென்று புதிதாக ஒரு பக்கம் எழுதினால் போதும், நான் எதையும் அழிக்கவே வேண்டியதில்லை.

உன் அக்காவைக் கூப்பிட்டு உன் கடைசிப் பக்கத்தை அதன் சொந்த முகவரியில் திறந்து காட்டினேன். “அப்ப இது அங்கனயே இருக்குமா?” என்றாள். இருக்கும் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, வெரசா எழுதுங்க. யாரும் கிளம்பிரப் போறாக” என்றாள்.

எழுதினேன், ‘இன்று கச்சான் காற்று பலம். கடலுக்குப் போக வேண்டாம்.’ இனி தினமும் மாரியூருக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதுவேன். படத்துக்குப் பின்னால் எழுத்து வைக்க மறக்க மாட்டேன்.

உன் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி மட்டும் சேர்த்தேன், கோபித்துக்கொள்ளாதே. இது பழைய அறிவிப்பு என்று எழுதி, அதன் கீழே உன் பெயரைப் போட்டேன். இத்தனை வருடத்தில் நீ ஒருநாளும் போட்டுக்கொள்ளாத பெயர். நான் இருக்கும்வரை அந்த முகவரி மாறாது.

உன் அக்காளைக் கட்டிய பாவத்துக்கு உன்னையும் சேர்த்துக் கட்டி மேய்த்த,
உன் மச்சான்