தொட்டியில் பிளீச், குழாயில் நாற்றம்

மார்ச் 3
மூன்றாம் முறையாகத் தொட்டி கழுவியாயிற்று. குழாயைத் திறந்தால் மறுபடியும் அழுகிய முட்டை நாற்றம். படகுப் படுக்கையைத் தூக்கி, அதன் அடியில் இருக்கும் நல்ல தண்ணீர்த் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டுத் தேய்த்து, பிளீச் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் இறைத்துக் கொட்டி, கரையிலிருந்து கேன் கேனாகச் சுமந்து நிரப்புவது என் வேலை. மோந்து பார்த்து முகத்தைச் சுளிப்பது இவர் வேலை.

வீட்டை விற்றுக் குடியிருக்கப் பாய்மரப் படகு வாங்கியபோது "உன்ன ராணி மாதிரி வச்சுக்கறேன்" என்றவர்தான்.

மார்ச் 5
காலை எட்டு மணிக்கு இங்கே நங்கூரம் போட்டிருக்கும் படகுக்காரர்கள் எல்லாரும் ரேடியோவில் பேசிக்கொள்வார்கள். இன்று இவர் மைக்கில் சொன்னது: "எங்க வீட்டம்மா கை வச்சா நல்ல தண்ணியும் நாறிடும்." ஒவ்வொருவராக மைக்கை அழுத்திச் சிரித்தார்கள்.

மார்ச் 6
மகள் போன் செய்தாள். பேத்திக்கு ஏழு மாதம். நான் இன்னும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் தூக்கி வருகிறேன் என்றாள். இவர் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"வராதம்மா. தண்ணி நாறுது. உங்கம்மாவுக்குத் தொட்டி கழுவ வரல. குழந்தைக்கு ஏதாவது ஆயிடும்."

"சரிப்பா, சரியானதும் சொல்லுங்க."

அவ்வளவுதானா? குழந்தைக்கு மட்டும் கேன் தண்ணி வாங்கினா ஆகாதா? இதை நான் ஏன் வாய் திறந்து சொல்லல?

மார்ச் 8
நான்காம் முறை. கையில் தோல் உரிகிறது.

மார்ச் 9
ஒன்று உறுத்துகிறது. தொட்டிக்குள் பிளீச் நெடி கண்ணைக் கரிக்கிறது. குழாய்த் தண்ணீரில் அந்த நெடி துளிகூட இல்லை. இவரிடம் சொன்னேன்.

"கைதான் சரியில்லன்னு நெனச்சேன். மூக்கும் போச்சா?"

தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவில் இருப்பது ஒரு மோட்டார். அப்புறம், போன வருஷம் இவரே மாட்டிய கரி ஃபில்டர் - அதை நான் தொடக் கூடாது என்று உத்தரவு.

மார்ச் 10
இவர் டீசல் வாங்கக் கரைக்குப் போனதும் ஃபில்டரைத் திறந்தேன். உள்ளே கறுப்பாகக் கொழகொழவென்று. அதே அழுகிய முட்டை நாற்றம். அந்தக் கரி நான் ஊற்றிய பிளீச்சையெல்லாம் தானே விழுங்கிக்கொண்டு, நாற்றத்தை மட்டும் குழாய்க்கு அனுப்பியிருக்கிறது. கரிக்கட்டையை எடுத்து அலமாரியில் போட்டேன். வெறும் கூட்டை மூடி, தொட்டியில் மறுபடி பிளீச் ஊற்றி, அந்தத் தண்ணீரைக் குழாய்வரை ஓடவிட்டேன். அரை நிமிடத்தில் குழாயில் நெடி வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். ரெண்டு மாசமா ஏச்சு வாங்கினது இதுக்கா?

மார்ச் 12
நாற்றம் போயே போய்விட்டது. நேற்று மாலை இவர் தொட்டிக்குள் ஒரு மூடி பிளீச் ஊற்றினார். இன்று ரேடியோவில்: "நானே இறங்கினேன். ஒரே நாள்ல முடிஞ்சுது."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி அடக்கினார்.

மார்ச் 17
மகள் வந்து மூன்று நாள் ஆகிறது. பேத்தி என் மூக்கைப் பிடித்து இழுக்கிறாள்.

"உங்கம்மாகிட்டயே விட்டிருந்தா இந்தப் புள்ளைக்கு வயித்தால போயிருக்கும்" என்றார் இவர். மகள் சிரித்தாள். அத்தனை படகும் சிரித்தபோதுகூட இப்படி வலிக்கவில்லை.

அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிடுகிறாள். "தாராளமா கூட்டிட்டுப் போ. இங்க இவளால ஆகப்போறது ஒண்ணுமில்ல" என்றார்.

மார்ச் 18
கிளம்புகிற நேரத்தில் அலமாரியில் கரிக்கட்டையைப் பார்த்துவிட்டார்.

"இத எதுக்குக் கழட்டின? அறிவிருக்கா உனக்கு?"

கடல் தண்ணீரில் ஒரு அலசு அலசி, பழையபடி கூட்டுக்குள் வைத்து முறுக்கினார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர் முறுக்கி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 2
இவரிடமிருந்து போன். ஐந்து முறை தொட்டி கழுவியும் நாற்றம் போகவில்லையாம். குடிக்கக் கேன் தண்ணீர் சுமக்கிறாராம். யாரோ கேலி செய்ததிலிருந்து ரேடியோவைத் திறப்பதில்லையாம். முழங்கைவரை தோல் உரிந்துவிட்டது என்றார். குரலில் பழைய அதட்டல் இல்லை.

"நீ எப்படித்தான் சரி பண்ணின? சொல்லேன்."

சரி பண்ணியது நான்தான் என்று அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

"பிளீச் போதலையோ என்னவோ" என்றேன். "இன்னும் கால் பாட்டில் சேத்து ஊத்திப் பாருங்க."