பஸ் ஏறாத காசு

பாசமுள்ள மச்சான் சுப்பையாவுக்கு,

நீ போய் மாதங்கள் ஓடிவிட்டன. பழநி பஸ்ஸின் ஹாரன் கேட்டால் உன் தங்கச்சி சரசு இன்னமும் உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போடுகிறாள். கேட்டால், "கை பழகிப்போச்சு, என்ன செய்ய?" என்கிறாள். மிஞ்சுகிற சோற்றை மறுநாள் காலையில் நீராகாரமாக நான்தான் குடிக்கிறேன். உன்னால் எனக்குத் தொந்தி போட்டதுதான் மிச்சம்.

உன் வண்டிக்குப் புதுக் கண்டக்டர் வந்திருக்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் வாங்குகிற சில்லறையை ஏறிட்டும் பார்க்காமல் பைக்குள் கொட்டுகிறார். நீ ஒவ்வொரு காசையும் பெண் பார்க்க வந்தவன் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பாய். பின்சீட்டில் இருப்பவர்கள், "யோவ், டிக்கெட்டக் கிழிய்யா, ஒட்டன்சத்திரமே வந்துருச்சு" என்று கத்துவார்கள். இப்போது வண்டி அமைதியாகப் போய் வருகிறது. அதில் ஏறவே எனக்குப் பிடிக்கவில்லை.

உன்னிடம் சொல்ல வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. ராணி தலை போட்ட உன் வெள்ளிக் காசைப் பற்றியது. அது இப்போது உன் டிரங்குப் பெட்டியில் இல்லை. வழக்கம்போலக் குதிக்காமல் முழுசாகக் கேள்.

நாம் இரண்டு பேரும் பழைய வெள்ளி ரூபாய்ப் பைத்தியம் பிடித்து அலைந்தது ஊருக்கே தெரியும். வெங்காய மண்டிக்கு விடுமுறை என்றால் நான் உன் வீட்டில்தான். வெள்ளைத் துண்டை விரித்துக் காசுகளைப் பரப்பிவைத்துக்கொண்டு தரம் பிரிப்போம். உனக்குத் தெரிந்த உலகம் பஸ். அதனால் காசின் தரத்துக்கும் பஸ் பெயர்தான் வைத்தாய்.

"மேடா இருக்குற எடந்தான் மாப்ளே மொதல்ல தேயும். ராணியோட கன்னத்தப் பாரு, காதுக்கு மேல முடியப் பாரு" என்பாய். முடி இழை இழையாகத் தெரிந்து கன்னம் மட்டும் லேசாக மங்கியிருந்தால் அது 'உக்காந்து வந்தது'. முடியெல்லாம் வழவழவென்று ஒன்றாகிவிட்டால் 'நின்னுக்கிட்டு வந்தது'. எழுத்தும் மழுங்கி, மூக்கும் முழியும் போய்விட்டால் 'படிக்கட்டுல தொங்கிட்டு வந்தது'. அச்சடித்த நாளிலிருந்து யார் கைக்கும் போகாமல் இருந்தால் அது 'பஸ் ஏறாதது'. அப்படி ஒன்றை நாம் கண்ணால் பார்த்ததில்லை. நெய்க்காரப்பட்டித் தேங்காய் வியாபாரி வரும்வரைக்கும்.

"ஏனுங்க கண்டக்டரே, நீங்க காசு பாக்கறவருன்னு சொன்னாங்க. இது எங்கப்பாரு நெல்லுக் குதிருக்குள்ள துணி சுத்தி வெச்சிருந்ததுங்க" என்று அவர் நீட்டினாராம். அதற்காக நீ சேர்த்துவைத்திருந்ததில் பாதியை அவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தாய். வெயிலில் சாய்த்துப் பிடித்ததும் வெளிச்சம் அந்த ரூபாயின் மேல் வட்டமாகச் சுற்றி ஓடியது. ராணியின் காதுமுடியை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போல இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் கருப்பு ஏறியிருக்கிறதே, புளி போட்டுத் தேய்த்தால் என்ன என்று கேட்டுத் தொலைத்தேன். அடிக்காத குறையாகப் பாய்ந்தாய். "ஏலே, அது அழுக்கு இல்லடா, அதோட தோலு. உரிச்சா அம்புட்டுத்தான்." அப்புறம் அதை வெண்ணெய்த்தாளில் தனியாக மடித்து வைத்தாய். ராசாத்தி காப்பி கொண்டுவந்தால்கூட, "ஈரக்கையோட கிட்ட வராத" என்று விரட்டுவாய். பாவம், உன்னைக் கட்டிக்கொண்டதற்கு அவள் கேட்ட பேச்சு கொஞ்சமா?

அன்று காலையில் டூட்டிக்குக் கிளம்பி, காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போதே நீ சாய்ந்தாய். நான் மண்டியிலிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஏன் மச்சான், நான் வருகிறவரைக்கும் செத்த நேரம் பொறுத்திருக்கக் கூடாதா?

உன்னைக் குளிப்பாட்டித் திருநீறு பூசிய பிறகு, "நெத்திக்காசு எங்கப்பா?" என்று யாரோ கேட்டார்கள். "நயா பைசாவெல்லாம் வேணாம், முழு ரூபாயா வைங்க" என்றார் உன் சித்தப்பா. ராசாத்தி எழுந்து உள்ளே போனாள். வந்து, உன் நெற்றியில் சந்தனத்தை அப்பி ஒரு வெள்ளி ரூபாயை ஒட்டினாள். நான் உன் தலைமாட்டில் நின்றிருந்தேன். ராணியின் காதுமுடி இழை இழையாகத் தெரிந்தது.

அந்த அழுகைக்கு நடுவில், அதை எடு, வேறு வை என்று எந்த வாயால் சொல்வது? நெற்றிக்காசு மயானத்தில் வேலை பார்க்கிறவருக்குப் போய்ச் சேர வேண்டியது, அதுதான் முறை. போகட்டும். காசு போனதில்கூட எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. அழுகையில் கைக்கு வந்ததை எடுத்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் ராசாத்தி பெட்டியைத் திறப்பாள், வெண்ணெய்த்தாள் வெறுமையாகக் கிடப்பதைப் பார்ப்பாள். நீ தொடக்கூட விடாத காசைத் தெரியாமல் எடுத்துச் சந்தனம் அப்பிவிட்டோமே என்று அவள் உடைந்துபோவாள். ஏற்கெனவே பாதி உயிராக இருப்பவளுக்கு அது வேறா? அவள் பார்ப்பதற்குள் அதை மீட்டு, இருந்த இடத்தில் வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கருமாதி முடிந்ததும் மயானத்துக்குப் போய்க் கருப்பனைப் பார்த்தேன். உன்னைக் கடைசியாக அனுப்பிவைத்தவர் அவர்தான். என்னிடம் இருந்ததிலேயே நல்ல ரூபாயைக் கொடுத்து மாற்றித் தரக் கேட்டேன். "எதுன்னா என்னய்யா, வெள்ளி வெள்ளிதான" என்று உடனே எடுத்துக் கொடுத்தார். "சந்தனம் காஞ்சு ஒட்டிக்கிருச்சு. செங்கப்பொடி போட்டுத் தேச்சேன். எப்புடி மின்னுது பாருங்க" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்ய?

மண்டி வாசலில் நின்று வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். வெளிச்சம் ஓடவில்லை. காதுமுடி அப்படியே இருந்தது, கன்னம் தேயவில்லை. ஆனால் முகமெல்லாம் பொடிப்பொடியாகக் கீறல். நீ சொன்ன தோல் போய்விட்டிருந்தது. இதை எதில் சேர்ப்பது? தேயவும் இல்லை, பழையபடியும் இல்லை. உன் கணக்கில் இதற்குப் பெயரே கிடையாது. உன்னைக் கேட்கலாம் என்று தலையை நிமிர்த்திய பிறகுதான், நீ இல்லை என்பது எனக்கு உறைத்தது.

ராசாத்தி தண்ணீர்க் குழாய்க்குப் போயிருந்த நேரம் பார்த்து உன் வீட்டுக்குள் நுழைந்து பெட்டியைத் திறந்தேன். வெண்ணெய்த்தாளை மடித்துக்கொண்டிருக்கும்போது குடத்தோடு வந்து நின்றாள்.

"என்னண்ணே தேடுறீங்க?"

அவள் குடத்தை இறக்கிவைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, காசின் முகத்தில் விரல் படாமல் ஓரத்தை மட்டும் பிடித்து எடுத்தாள். அப்படியே நீ பிடிப்பது போல.

"இத எதுக்குண்ணே வாங்கிட்டு வந்தீங்க?"

"தெரியாம வச்சுட்டோமேன்னு நீ கலங்குவியேன்னுதான் தங்கச்சி..."

"தெரியாமயா? எல்லாக் காசையும் பிரிச்சுப் பாத்துத்தான எடுத்தேன். கன்னம், காதுமுடி எல்லாம் பாத்தேன். நீங்க ரெண்டு பேரும் பேசுனத இத்தன வருசமா அடுப்படியில இருந்து கேட்டவளுக்கு இது தெரியாதா? மத்ததெல்லாம் யார் யாரோ போய்வந்த காசு. இது ஒண்ணுதான் பஸ் ஏறாதது. ஊருக்கெல்லாம் டிக்கெட் கிழிச்ச மனுசன் முதமுதலா அவருக்குன்னு ஒரு டிக்கெட் எடுக்குறாரு. அதுக்கு நல்ல காசாக் குடுக்க வேணாமா?"

காசை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"அவரு குடுத்த சார்ஜப் போயித் திருப்பி வாங்கிட்டு வந்துருக்கீங்களே அண்ணே. பாதி வழியில எறக்கி விட்ருவாங்கல்ல?"

உனக்காக அன்றுதான் வாய்விட்டு அழுதேன் மச்சான். நீ போன அன்று அழ முடியாததையெல்லாம் சேர்த்து அழுதேன். ராசாத்திதான் எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

அன்றே உன் காசைக் கருப்பனிடம் கொடுத்துவிட்டேன். "ஏய்யா, சரியில்லையா?" என்று கேட்டார். "ரொம்பச் சரியா இருக்குண்ணே. அது உங்ககிட்ட இருக்க வேண்டியது" என்றேன். என் காசை எனக்கே திருப்பிக் கொடுத்தார். அதை ராசாத்தி வாங்கி, உன் வெண்ணெய்த்தாளில் மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறாள். "அண்ணனோட டிக்கெட்டுக்கு" என்று சரசுவிடமும் சொல்லிவைத்திருக்கிறாள்.

கவலைப்படாதே, ராசாத்தி எங்களோடு இருப்பவள் மாதிரிதான். அவளுக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்வேன். என் காசைப் புளி போட்டுத் தேய்க்க யாரையும் விடமாட்டேன். அது 'உக்காந்து வந்தது' என்று நீயே தரம் பிரித்த காசு. மெதுவாகத்தான் வருவேன், ஆனால் அதோடுதான் வருவேன். உன் பக்கத்தில் ஒரு சீட்டில் துண்டைப் போட்டு வை.

உன் தங்கச்சியைக் கட்டிய பாவத்துக்கு உன்னிடம் மாட்டிக்கொண்ட,
உன் மாப்ளே வேலுச்சாமி
திண்டுக்கல்